படலையில் வாசித்த நூறு ரூபா

எனக்கு அந்தக் காலத்தில் நல்ல குரல். புங்குடுதீவில் எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவிழா என்றால், தொலைந்த பிள்ளையை அறிவிப்பதிலிருந்து மேளக்காரரை வரவேற்பது வரைக்கும் மைக்கை என் கையில்தான் கொடுப்பார்கள். நானும் அதை இலேசில் கீழே வைக்கமாட்டேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. வயது இருபத்துநாலு, உதவி ஆசிரியர், வாலிபர் சங்கத்தின் செயலாளர், ஊரில் என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு. சங்கத்துக்கு ஒரு வாசிகசாலை இருந்தது. நாலு மண்சுவர், மேலே தென்னோலைக் கிடுகு. மாரி வந்தால் பத்திரிகை நனையும். சனிக்கிழமைகளில் நாங்கள் சம்பளமில்லாமல் நடத்திய வகுப்பும் கலைந்துபோகும். கிடுகை எடுத்துவிட்டு ஓடு போடுவது என்று தீர்மானித்தோம்.

அதுவரைக்கும் எங்களுடைய காசு சேர்ப்பு மிகவும் மரியாதையான விஷயம். இரண்டு பேர் ஒரு கொப்பியோடு வீடு வீடாகப் போவோம். தேத்தண்ணீர் குடித்து, ஊர்க்கதை பேசி, எழும்பும்போது தலையைச் சொறிந்தபடி வந்த காரியத்தைச் சொல்வோம். ஐம்பது சதம், ஒரு ரூபா கிடைக்கும். இந்தப் போக்கில் போனால் ஓடு ஏறமுன் எங்களுக்குத் தலை நரைத்துவிடும் என்று கூட்டத்தில் நான் சத்தம் போட்டேன். என் யோசனையையும் சொன்னேன். ஒரு காரைப் பிடித்துக் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டுவோம். ஒவ்வொரு வீட்டு வாசற்படலையிலும் நிற்பாட்டுவோம். கொடுப்பவரின் பெயரையும் கொடுத்த தொகையையும் அந்த இடத்திலேயே மைக்கில் வாசிப்போம். வயதான உறுப்பினர் ஒருவர் மட்டும், இல்லாதவன் என்ன செய்வான் என்று கேட்டார். இல்லாதவன் வீட்டில் கார் நிற்காது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

வழி நன்றாகவே வேலை செய்தது. எங்கள் சனம் எதையும் பொறுக்கும், பக்கத்து வளவுக்காரன் ஒரு ரூபா கூடக் கொடுத்தான் என்பதைப் பொறுக்காது. இரண்டு ரூபாவோடு படலைக்கு வந்தவர், முன் வீட்டின் ஐந்து ரூபாவைக் கேட்டுவிட்டுத் திரும்பி உள்ளே போய்ப் பத்தாகக் கொண்டுவந்தார். மத்தியானத்துக்குள் எனக்குத் தலை கனத்துவிட்டது. வாசிப்பதோடு நில்லாமல் புதிதாக ஒன்றைச் செய்யத் தொடங்கினேன். ஆள் வெளியே வருவதற்கு முன்னமே, இன்னார் இத்தனை ரூபாவோடு வந்துகொண்டிருக்கிறார் என்று நானே தொகையை அறிவித்தேன். வந்தவர் அதைக் குறைக்க முடியாது. ஊர் கேட்டுவிட்டதல்லவா.

அப்படித்தான் அந்த வீட்டுக்கும் போனோம். வீட்டுக்காரர் தென்னிலங்கையில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப் பலர். ஊரில் அவரை முதலாளி என்றுதான் சொல்வார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக அவர் ஊரிலேயே இருந்தார். உடம்புக்கு ஆறுதல் வேண்டும், கடையைப் பங்காளி பார்க்கிறார் என்று சொல்லியிருந்தார். அவருடைய மூத்த மகள் எங்கள் சனிக்கிழமை வகுப்பில் படித்தவள். எஸ்.எஸ்.சி. சோதினையில் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் அவளைப்போல் புள்ளி தீவில் ஒருவரும் எடுக்கவில்லை. மேலே விஞ்ஞானம் படிக்க யாழ்ப்பாணத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே ஒரு பெண்கள் விடுதியில் அவளுக்கு இடம் கேட்டு வாங்கிக் கொடுத்தவனும் நான்தான்.

அன்றைக்கு அவர்களுடைய வேலியைப் பார்த்தேன். பனையோலை மக்கி, உள்ளே நிற்கும் மாடு தெரிந்தது. எங்கள் ஊரில் வருடத்துக்கு வருடம் ஓலை மாற்றி வேலி அடைக்காத வீடு என்றால் சின்னப்பிள்ளைக்கும் கதை விளங்கும். எனக்கு விளங்கியது வேறு. இவ்வளவு காசை வைத்துக்கொண்டு வேலிக்கும் கஞ்சத்தனம் பார்க்கிறாரே, இவரைச் சும்மா விடக்கூடாது என்று நினைத்தேன். மைக்கை எடுத்தேன்.

"எங்கள் ஊரின் பெருமகன், வாசிகசாலைக்காக நூறு ரூபாவை அள்ளிக்கொண்டு, இதோ படலைக்கு வந்துகொண்டிருக்கிறார்."

அதுவரை ஒருவரும் இருபத்தைந்துக்கு மேலே போகவில்லை. அவர் வெறுங்கையோடு வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். ஒழுங்கையில் கூடி நின்ற சனத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. பத்து ரூபாத் தாள்கள் பத்து, இரண்டாக மடித்தபடி. சனம் கை தட்டியது. நான் அவருடைய பெயரை மூன்று தரம் வாசித்தேன்.

விடுதிக்குப் போகவேண்டிய நாள் கடந்து இரண்டு கிழமையாகியும் முதலாளியின் பெட்டை வந்து சேரவில்லை என்று யாழ்ப்பாணத்திலிருந்து எனக்குச் செய்தி வந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போனேன். அவர் உட்காரக் கதிரை தந்தார், நான் இருக்கவில்லை. நின்றபடியே பேசினேன். பெட்டைப்பிள்ளை என்பதால்தானே மறிக்கிறீர்கள் என்றேன். உலகம் எங்கேயோ போகிறது, நீங்கள் இன்னும் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்றேன். கடை நடத்தும் மனிதருக்கு இது தெரியவேண்டாமா என்றும் கேட்டேன். அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி வெளியே வந்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி, சத்தமில்லாமல் சொன்னார்.

"கடை கைவிட்டுப்போய் ஒண்டரை வருசம், தம்பி. அவள் விடுதிக்குக் கட்டவெண்டு வச்சிருந்த காசைத்தான் நீங்கள் மைக்கில கேட்டு வாங்கினனீங்கள்."

அந்த இடத்தில் எப்படி நின்றேன், எப்படி வெளியே வந்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. சைக்கிளை எடுக்க மறந்து பாதி வழி நடந்து போனது மட்டும் நினைவிருக்கிறது.

சம்பளத்தில் கொஞ்சம், கைமாற்றில் கொஞ்சம் என்று நூறு ரூபா புரட்டிக்கொண்டு மறுநாள் போனேன். அவர் படலையைத் தாண்ட விடவில்லை. முதல்முறையாக அவருடைய குரலில் காரம் இருந்தது.

"ஊர் முழுக்கக் கேக்க வாங்கின காசை ஒளிச்சுக் கொண்டுவந்து தாறீரோ? வேண்டாம், தம்பி. என்ர பேரில குடுத்தது குடுத்ததாவே கிடக்கட்டும்."

மகளை அடுத்த வருடம் அனுப்பலாம் என்றார். அடுத்த வருடம் அனுப்பவில்லை. அதற்கடுத்த வருடம் அவளுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை நயினாதீவு. சங்கத்தின் சார்பில் நாங்கள் ஒரு சுவர்மணிக்கூடு கொண்டுபோய்க் கொடுத்தோம். அதைக் கொடுக்க என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள்.

அவர் காசை வாங்க மறுத்ததற்கு அடுத்து நடந்த சங்கக் கூட்டத்திலேயே, இனி மைக் வேண்டாம், பெயர் வாசிக்கவும் வேண்டாம் என்று பிரேரித்தேன். மூடி அடைத்த தகரப்பேணி ஒன்றில் கை போகும் அளவுக்கு ஓட்டை வெட்டி வீடு வீடாகக் கொண்டுபோவோம். போடுகிறவர் கையை உள்ளே விட்டு எடுக்கட்டும், போட்டது எவ்வளவு, போட்டாரா இல்லையா என்று யாருக்கும் தெரியத் தேவையில்லை. மிச்சத்துக்கு, கூலி வாங்கி வேலி அடைத்துக் கொடுத்து நாங்களே உழைப்போம். ஏன் இந்தத் திடீர் ஞானம் என்று கேட்டார்கள். காருக்கும் ஒலிபெருக்கிக்கும் கொடுக்கிற வாடகை கட்டுப்படியாகவில்லை என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பத்தின் மானம் போயிருக்கும் என்று பிற்காலத்தில் எனக்கு நானே சமாதானம் சொன்னதுண்டு. அது பொய். என்னுடைய மானத்தைத்தான் காப்பாற்றினேன்.

பேணி முறையில் காசு குறைந்தது, ஆனால் வராத வீடுகளிலிருந்தெல்லாம் வந்தது. முன்னர் கார் நிற்காத வீட்டுச் சனமும் கையை விட்டார்கள். பக்கத்து ஊர்ச் சங்கங்கள் இதைக் கண்டு தாங்களும் செய்தன. ஓடு போட்ட வாசிகசாலை திறந்த அன்று, ஏழை எளியதின் மனம் அறிந்த செயலாளர் என்று எனக்கு மாலை போட்டார்கள். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். முதலாளி முன்வரிசையில் இருந்து கை தட்டினார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், நயினாதீவுக்குப் போகும் வள்ளத்துக்காகத் துறையில் நின்றேன். இரண்டு பெட்டைகளைக் கையில் பிடித்தபடி ஒருத்தி பக்கத்தில் வந்து, "மாஸ்ரர்" என்றாள். அவள்தான். தகப்பன் காலமாகி நாலு வருடம் என்றாள். பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு மன்னிப்பை மனதுக்குள் எழுதி எழுதி வைத்திருந்தேன். அந்த நூறு ரூபா, என்று தொடங்கினேன். அவள் சிரித்தாள்.

"அண்டைக்கு நீங்கள் அப்பான்ர பேரை மைக்கில சொல்லேக்கை, நானும் உள்ளுக்கை நிண்டு கை தட்டினனான், மாஸ்ரர். அது என்ர காசெண்டு எனக்கு அப்ப தெரியாது."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. சின்ன வயதுக் கதை ஒன்றைப் பிள்ளைகளுக்கும் கேட்கட்டும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். மூத்தவள், என்ன காசு அம்மா என்று கேட்டாள். வள்ளம் வந்தது. அவள் பிள்ளைகளை முதலில் ஏற்றிவிட்டு, வாங்கோ மாஸ்ரர், இடம் இருக்கிறது என்று கூப்பிட்டாள். எனக்குக் கரையில் ஓர் ஆளைப் பார்க்கவேண்டும், அடுத்ததில் வருகிறேன் என்று சொன்னேன். பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. வள்ளம் போனபின் பஸ் ஏறி வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.