நடுவில் நின்ற வாசிப்பு

அவள் பியானோவின் முன் உட்கார்ந்தால் கீழ்வீட்டு அலமாரியில் டம்ளர்கள் கிடுகிடுக்கும். அதனால் தெருவில் அவளுக்கு இடியக்கா என்று பெயர். அவளும் அதைப் பட்டம்போலவே வைத்துக்கொண்டாள்.

அப்பா பழைய மரச்சாமான் வாங்கி விற்றவர். விலைபோகாத பியானோ ஒன்று கடையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அதைத் தட்டத் தொடங்கினாள். தெருவில் போனவர்கள் உள்ளே வந்து கேட்டார்கள்; கேட்டவர்களில் சிலர் நாற்காலியும் வாங்கிப் போனார்கள். “தட்டட்டும், வியாபாரம் நல்லாத்தான் நடக்குது” என்று அப்பா விட்டுவிட்டார். பிறகு இசைக் கல்லூரி, போட்டிகள், பெரிய அரங்கங்கள் என்று மளமளவென ஏறினாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் நிறுத்தவில்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்தபடி கேட்பார். “ஏம்மா, தினமும் அதே இடத்துல தடுக்கி விழறியே, அந்த இடத்தை மட்டும் விட்டுட்டு வாசிச்சா என்ன?” என்றார் ஒருநாள். அவள் சிரித்த சிரிப்பில் அன்றைய பயிற்சியே நின்றுபோனது.

நாற்பதை நெருங்கும் வயதில் அது நடந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. சொனாட்டா என்ற நீளமான பியானோ இசை ஒன்றை, மேடையேறும் எல்லாரையும்போலச் சுரம் எழுதிய தாள் இல்லாமல் மனப்பாடமாக வாசித்துக்கொண்டிருந்தாள். பாதியில், அடுத்த சுரம் எது என்று தெரியவில்லை. விரல்கள் கட்டைகளின்மேல் அப்படியே நின்றன. எதையாவது தட்டி ஒப்பேற்றியிருக்கலாம். அவள் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சபையைப் பார்த்தாள்.

“மறந்துபோச்சு. தாள் எடுத்துட்டு வர்றேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

உள்ளே போய்ப் பையிலிருந்து தாள்களை எடுத்துவந்து, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். ஆனாலும் மறுநாள் பத்திரிகைகள் அந்த மறதியைத்தான் எழுதின. கச்சேரி ஏற்பாட்டாளர் போன் செய்தார்.

“அடுத்த தடவை தாள் இல்லாம வாசிப்பீங்கதானே?”

“மனப்பாடத்துக்குப் பரிசு வாங்கற வயசெல்லாம் போயாச்சு சார். தாளோடதான் வருவேன். வேணும்னா கூப்பிடுங்க.”

அவர் கூப்பிடவில்லை. மற்றவர்களும் நழுவினார்கள். சில நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு வாசல் கதவில் பலகை மாட்டி, பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள்.

முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. தனியாக வாசித்தால் தேன். நாலு பேர் முன்னால் ஒரு தப்பு வந்தால் அதோடு நிறுத்திவிடுவார். இடியக்கா அவரை வாசிக்கவிட்டு, நடுவில் தட்டைக் கீழே போடுவாள், கதவைப் படாரென்று சாத்துவாள், “நிறுத்துங்க! கீழ் வரியிலேருந்து எடுங்க!” என்பாள்.

“டீச்சர், நான் பல் பிடுங்கும்போது இப்படி யாராவது பண்ணினா என்ன ஆகும்?”

“பல் வந்துடும்ல? பாட்டும் வரும்.”

வந்தது. மாணவர்கள் சபைக்கு முன் வாசித்துக் காட்டிய நாளில் டாக்டரம்மா ஓரிடத்தில் சறுக்கி, மூச்சு விட்டு, அடுத்த வரியில் கம்பீரமாக ஏறிக்கொண்டார். விஷயம் பரவியது. மேடையில் ஒருமுறை விழுந்து, மறுபடி ஏறப் பயந்தவர்கள் எங்கெங்கிருந்தோ தேடி வந்தார்கள்.

இதற்கிடையே, வாசிக்க வேண்டிய ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட, அதே ஏற்பாட்டாளர் ஓடிவந்தார். “தாளோடயே வாங்கம்மா.” பக்கம் புரட்டக் கணவர் உட்கார்ந்தார். அவருக்குச் சுரம் படிக்கத் தெரியாது. மனைவி தலையசைத்தால் புரட்டுவார். ஒருமுறை பதற்றத்தில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். அவள் இடது கையால் வாசித்துக்கொண்டே வலது கையால் ஒன்றைப் பின்னால் தள்ளினாள். அரங்கமே சிரித்துக் கைதட்டியது. அதன்பிறகு அழைப்புக்குக் குறைவில்லை.

இப்போது தலை முழுக்க வெள்ளை. இளவயதில் கிட்டேயே போகாத, பெரிய வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசிக்கும் ஒரு கான்செர்ட்டோவைப் புதிதாக எடுத்திருக்கிறாள்.

“இந்த வயசுல எதுக்கும்மா இவ்வளவு கஷ்டமானது?” என்றான் மகன்.

“அப்போ பயமா இருந்துச்சுடா. இப்போ இல்லை.”

முதல் பாகம் கைக்கு வந்துவிட்டது. இரண்டாவதன் நடுவே கைகள் குறுக்கே தாவ வேண்டிய இடம் ஒன்று இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்டுவிடும்.