பெட்டிக்குள் இருப்பதாகச் சொன்ன துப்பாக்கி

கார்லா கங்காஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் முப்பத்தோரு வருடம், அமெரிக்காவின் வட மிச்சிகனில் ஒரு நெடுஞ்சாலைக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் போயிற்று. பால், ரொட்டி, பெட்ரோல், தூண்டில் புழு, மத்தியானமானால் மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி, சூடாக. கணவன் டக் எட்டாவது வருடமே வேறொருத்தியோடு விஸ்கான்சின் பக்கம் போய்விட்டான். கடை அவன் அப்பா பேரில் இருந்தது. கிழவர் மகனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு மருமகளுக்கே எழுதிவைத்தார். மகன் எய்னோ பத்தொன்பது வயதில் பனி உறைந்த சாலையில் வண்டி சறுக்கி மரத்தில் மோதிச் செத்துப்போனான். அன்று முதல் பதினொரு வருடமாக அவள் அழுததும் இல்லை, மனம்விட்டுச் சிரித்ததும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது, இன்னும் விடவில்லை என்று ஒருமுறை சொன்னாள். கேட்டவர்கள் வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள்.

அந்தக் கடையில் ஒரு சுவர் உண்டு. நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்கும். அன்று பள்ளிக்கூடத்துக்கே லீவு. சுட்ட மானைக் கடை வாசல் கம்பத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். கார்லா வெளியே வந்து போட்டோ எடுப்பாள். அடியில் கறுப்பு மார்க்கரால் பெயர், வருடம், கொம்பில் எத்தனை கிளை, எந்தத் துப்பாக்கி என்று எழுதிச் சுவரில் ஒட்டுவாள். அது அவள் மாமனார் காலத்துப் பழக்கம். அரசாங்கம் துப்பாக்கிக்குப் பதிவேடு வைக்கக் கூடாது என்று நாற்பது வருடம் தொண்டை கிழியக் கத்தியவர்கள், தங்கள் பதிவேட்டைத் தாங்களே பல்லைக் காட்டிக்கொண்டு அந்தச் சுவரில் ஒட்டவைத்திருந்தார்கள். ஒருத்தனுக்காவது அது தோன்றியதா என்றால் இல்லை.

எய்னோவின் போட்டோவும் அங்கே இருந்தது. பதினாலு வயதில் முதல் மான். நெஞ்சுக்குக் குறுக்கே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, முன்பல் இடைவெளி தெரியச் சிரிக்கிறான். அடியில் கார்லாவின் கையெழுத்து: 'எய்னோ, எட்டுக் கிளை, ஆர்னி மாமாவின் துப்பாக்கி.' ஆர்னி, கார்லாவின் அண்ணன். கல்லாவுக்கு வருகிறவர்கள் சில்லறை எடுக்கும்போது அந்தப் படத்தைப் பார்த்து, "என்னடா எய்னோ, எப்படி இருக்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நாளைக்கு ஏழெட்டுப் பேராவது கேட்பார்கள். அவன் பேரை அவளுக்கு முன்னால் சொல்ல வேறு யாருக்கும் தைரியம் கிடையாது. அவளுக்கு அந்த ஏழெட்டு 'எய்னோ' போதும்.

பிறகு அந்தத் திருத்தம் வந்தது. முப்பத்தெட்டு மாநிலம் சரி என்றதும் அரசியல் சாசனத்திலேயே ஏறிவிட்டது. துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, ஒரு வருடத்துக்குள் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் மாதம் கடையில் காப்பிக் கோப்பையோடு நின்றவர்கள் பேசிய பேச்சைக் கேட்டால் போர் மூளும் என்று தோன்றும்.

"வரட்டும், பாத்துக்கலாம். நான் செத்த பெறகு எடுத்துட்டுப் போகட்டும்" என்றார் பால் வண்டி ஓட்டும் ரூடி.

"உன் பொண்டாட்டி கேட்டாலே சாவியக் குடுத்துடுவ. நீ சண்டை போடப் போறியாக்கும்" என்றாள் கார்லா.

மூன்றாவது மாதத்தில் பேச்சு இறங்கிவிட்டது. சிலர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தேவாலயக் கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதில் ரூடிதான் முதல் ஆள். சிலர் படகு கவிழ்ந்து ஏரியில் விழுந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்தார்கள். இத்தனை படகு கவிழ்ந்திருந்தால் அந்த ஏரியில் தண்ணீருக்கு இடம் இருந்திருக்காது. மிச்சப் பேர் பேசாமலே இருந்தார்கள். அவர்களுக்குத்தான் ஒருநாள் சுவர் ஞாபகம் வந்தது.

ஒவ்வொருத்தராக வந்தார்கள். பால் வாங்குவார்கள், வானிலை பேசுவார்கள், போகிற போக்கில் தங்கள் போட்டோவை உரித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்கள். கார்லா சில்லறையை எண்ணிக் கொடுப்பாள். ஆகஸ்டில் சுவரில் ஒட்டுநாடாத் தழும்புகளும் எய்னோவும்தான் மிச்சம்.

ஆர்னி வந்தார். அறுபத்து மூன்று வயது, இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் ஆகாதவர்.

"கார்லா, அதயும் எடுத்து வீட்ல வச்சுக்கோயேன்."

"எதுக்கு?"

"எம்பேரு எழுதியிருக்குல்ல. துப்பாக்கி வேற பளிச்சுனு தெரியுது."

"நீ குடுக்கலயா?"

ஆர்னி சுவரைப் பார்த்தார். "சவுனாவுல, ஆவி பிடிச்சுக் குளிக்கிற ரூம்ல, பெஞ்சுக்கு அடியில பலகையப் பேத்து வச்சிருக்கேன். குடுக்க முடியாது. அந்தப் பய கை வச்ச சாமான்னு எங்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு."

"எங்கிட்ட இந்தப் படம். அது இங்கதான் இருக்கும், அண்ணா. வீட்ல வச்சா அவன் பேர யாரு சொல்லுவா?"

அவர் போய்விட்டார். இருவரும் ஒரே பிள்ளைக்காகத்தான் பிடிவாதம் பிடித்தார்கள். அதனால்தான் இருவருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஒரு வருடக் கெடு முடிந்து, செப்டம்பரில் மாநில அரசிலிருந்து பெலாஞ்சர் என்ற அதிகாரி வந்தாள். முப்பது வயது இருக்கும், மரியாதையான பெண். காப்பி வாங்கினாள், வெற்றுச் சுவரில் தனியாக இருந்த படத்தின் முன்னால் நின்று எழுதியிருந்ததைப் படித்தாள்.

"உங்க மகனாம்மா?"

"ஆமா. இப்ப இல்ல."

"வருத்தமா இருக்கும்மா. இந்த ஆர்னிங்கிறவர் பேர்ல எதுவுமே ஒப்படைச்சதா இல்லியே. இந்தத் துப்பாக்கி எங்க?"

கார்லா யோசிக்கவே இல்லை. "அத எம்புள்ளைக்கே குடுத்துட்டாரு. அவனோடயே பெட்டிக்குள்ள வச்சுப் பொதச்சுட்டோம்."

அந்தப் பக்கத்தில் அது நடக்காத விஷயம் அல்ல. அவளுடைய மாமனாரையே பழைய வேட்டைத் துப்பாக்கியோடுதான் அடக்கம் செய்தார்கள். அதனால் பொய் சரளமாக வந்தது. பெலாஞ்சர் எழுதப் பேனாவை எடுத்தாள். பிறகு பேனாவை மூடிவிட்டுத் தயங்கினாள்.

"இந்த மாவட்டத்துல மட்டும் இப்படிப் பதினேழு பேரு சொல்லியிருக்காங்கம்மா. பெட்டியே இரும்புங்கிறதால உலோகம் கண்டுபிடிக்கிற மெஷின் எல்லாத்துக்கும் கத்துது. தோண்டிப் பாக்கணும்னு உத்தரவு வந்திருக்கு. நான் இத எழுதிட்டா நிறுத்த எனக்கு அதிகாரம் கிடையாது. மாத்திச் சொல்லணும்னா இப்பவே சொல்லிருங்க."

மாற்றிச் சொன்னால் ஆர்னிக்கு ஐந்து வருடம் ஜெயில். கார்லா சொன்னாள், "எழுதிக்கோங்க."

அக்டோபர் இருபத்தொன்று, காலை எட்டு மணி என்று கடிதம் வந்தது. தரை உறைவதற்குள் முடிக்க வேண்டுமாம். தோண்டுவதற்கு முன் யாராவது தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று கடைசி வரியில் போட்டிருந்தது. கார்லா கடிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். படித்தார்.

"மெரட்டுறாங்க. எவனாவது பொணத்தத் தோண்டுவானா?"

"தோண்டுனா?"

"அதுக்கு முன்னாடி குடுத்துட மாட்டேனா? என்ன மனுஷன்னு நெனச்ச?"

"அப்ப இப்பவே குடு."

"அவங்க தோண்ட மாட்டாங்கன்னு சொல்றேன்ல." விறகை மறுபடி எடுத்தார். "பொய் சொன்னது நீ. நானா சொல்லச் சொன்னேன்?"

கோபம் வர வேண்டிய இடம். அவளுக்கு வரவில்லை. கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பாஸ்டி சூடாக்க நேரமாகிவிட்டது என்று கடைக்குத் திரும்பினாள். அடுத்த மூன்று வாரமும் ஆர்னி தினமும் காப்பிக்கு வந்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இன்றைக்குக் கொடுத்துவிடுவார், நாளைக்குக் கொடுத்துவிடுவார் என்று அவள் இருந்தாள். இன்றைக்குத் தள்ளிப்போட்டுவிடுவார்கள், நாளைக்குத் தள்ளிப்போட்டுவிடுவார்கள் என்று அவர் இருந்தார்.

இருபத்தொன்றாம் தேதி கல்லறைத் தோட்டத்தில் பெலாஞ்சரும், சாலைத் துறை ஆள் ஒருவனும் ஒரு சிறிய தோண்டும் இயந்திரத்தோடு நின்றிருந்தார்கள். புல்லில் வெள்ளையாக உறைபனி. கார்லா எய்னோவின் கல்லுக்குப் பக்கத்தில் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள். தன் பிள்ளையை வெளியே எடுக்கப் போகிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். யாருடைய பிள்ளையோ என்பது போலத்தான் இருந்தது.

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆர்னியின் வண்டி வந்து வேலி ஓரம் நின்றது. இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, கண்ணாடி முழுக்க மூச்சுப் புகை.

"ஆரம்பிக்கலாமாம்மா?" என்று பெலாஞ்சர் கேட்டாள்.

கார்லா வண்டியைப் பார்த்தாள். "ம்."

சாலைத் துறை ஆள் முதலில் மண்வெட்டியால் புல்லைச் சதுரம் சதுரமாக வெட்டிப் பெயர்த்து ஓரமாக அடுக்கினான். ஆர்னி இறங்கவில்லை. அவன் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தான். ஆர்னி இறங்கவில்லை. இயந்திரத்தின் பல் மண்ணில் இறங்கி, முதல் மண்ணை வாரித் தூக்கி ஓரமாகக் கொட்டியது.

"நிறுத்துங்க" என்றாள் கார்லா.

வேலி வரைக்கும் நடந்து போய் வண்டிக் கதவைத் திறந்தாள். அண்ணன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் நனைந்திருந்தது. பக்கத்து இருக்கையில் போர்வையில் சுற்றி அது இருந்தது. அவரைத் தாண்டிக் கையை நீட்டி எடுத்தாள். தடுக்கவில்லை.

"வந்துட்டுதான் இருந்தேன், கார்லா. எறங்கத்தான் போனேன்."

"எப்ப? பெட்டி மூடியில இடிச்ச பெறகா?"

அவள் போர்வையோடு கொண்டுபோய் பெலாஞ்சரிடம் நீட்டினாள். மணி எட்டே கால் தாண்டியிருந்தது. பெலாஞ்சர் கொட்டிக் கிடந்த மண்ணை ஒருதரம் பார்த்தாள். தாளில் நேரம் ஏழு ஐம்பத்தெட்டு, தானாக முன்வந்து ஒப்படைத்தார் என்று எழுதி ஆர்னியின் பேரைப் போட்டாள்.

சாலைத் துறை ஆள் மண்ணைத் தள்ளிவிட்டு, புல் சதுரங்களைத் திரும்ப வைத்து பூட்ஸ் காலால் மிதித்தான். அப்போதுதான் ஆர்னி ஓடிவந்தார். மண்டிபோட்டு உட்கார்ந்து, தள்ளு, நான் வைக்கிறேன் என்று அவனை விலக்கி, ஒவ்வொரு சதுரத்தையும் உள்ளங்கையால் அழுத்தினார். கார்லா அவர் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் கார் சாவியை எடுத்தாள்.

"கார்லா." அவர் எழுந்திருக்கவில்லை. "நாளைக்குக் காப்பிக்கு வரலாமா?"

"வாயேன். கடை எல்லாருக்கும்தான தெறந்திருக்கு."