கூத்துக்கு முதுகு காட்டி இருந்தவர்

களிகம்பு ஆட்டம் சூடேறி வந்த நேரம் ஆதம்பாவா அண்ணாவியாரின் கையிலிருந்து கம்பு நழுவி விழுந்தது. சாய்ந்தமருதில் ஒரு கல்யாண வீடு. அஸர் தொழுதுவிட்டு வந்த சனம் முற்றம் முழுக்க நின்றது. ஊருக்கெல்லாம் ஆட்டம் பழக்கிய அண்ணாவியாரே கம்பைத் தவறவிட்டால், அந்தச் சிரிப்பு அவரைக் கபுறுக் குழி வரைக்கும் விடாது. எல்லாருடைய வாயிலும் சிரிப்பு வந்து நின்றது. அதற்குள் தடாலென்று வேறொரு சத்தம். கனகரெத்தினம் மாஸ்டர் கதிரையோடு சரிந்து வாழைக்குற்றியில் மோதிக் கிடந்தார். சனம் அவரைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தது. அண்ணாவியார் குனிந்து கம்பை எடுத்துக்கொண்டதை ஒருவரும் கவனிக்கவில்லை.

நான் பக்கத்தில் நின்றேன். கதிரைக்கு ஒரு குறையும் இல்லை. தூசியைத் தட்டிக்கொண்டு எழும்பியவர் என்னைப் பார்த்து, "கால் சரியில்லாத கதிரை காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார். பிறகு அதைத் தூக்கி முன்பு இருந்தபடியே வைத்து, அதில் அமர்ந்தார். ஆட்டத்துக்கு முதுகு, சனத்துக்கு முகம். முதுகுக்குப் பின்னால் விழுந்த கம்பை எப்படிக் கண்டார் என்கிறீர்களா? எங்களுடைய முகத்தில் கண்டார்.

எந்த ஆட்டத்துக்குப் போனாலும் அவர் இருப்பது அப்படித்தான். பாண்டிருப்பில் கூத்து நடந்தால் ஆட்டக் களரியோரம் சனத்தைப் பார்த்துக் கதிரையைப் போடுவார். மத்தளம் பேசத் தொடங்கியதும் தலை தன்பாட்டில் ஆடும். கண் மட்டும் அசையாமல் முன்னால் இருப்பவர்களின் முகத்தில் நிற்கும். "மாஸ்டர், ராசா வந்திற்றார், திரும்பிப் பாருங்க" என்று பொடியன்கள் பகிடி பண்ணுவார்கள். "வந்தது தெரியும்டா. உன்ட வாய் திறந்து கிடக்கே" என்பார்.

அவருக்குச் சொந்த ஊர் பாண்டிருப்பு. எங்கள் ஊர்ப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தார். பள்ளிக்கூட விடுமுறை விட்டதும் கண்டிக்குப் பஸ் ஏறிவிடுவார். அங்கே பல்கலைக்கழகத்தில் பெரிய பட்டத்துக்கு ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி என்று நான் கேட்டதற்கு 'ஆற்றுகை' என்று ஒரு சொல் சொன்னார். ஐந்தாம் வகுப்போடு தையல் மெஷினுக்கு வந்தவன் நான். எனக்கு விளங்கவில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

"ஒராள் செய்யிறதும் மத்தாள் பாக்கிறதும் சேந்து நடக்கிறதுதான் காக்கா. கூத்திலயும் அதுதான், களிகம்பிலயும் அதுதான். வகுப்பில நான் போத்தலுக்குள்ள புகை வரப்பண்ணிக் காட்டுறதும் அதுதான். பாக்கிற ஆள்ர முகத்திலதான் விசயம் நடக்குது."

"அப்ப பள்ளிவாசல்ல நடக்கிற குத்பாப் பிரசங்கம்?"

"அது உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள கதை. அங்க எனக்குக் கதிரை இல்ல."

அந்த மறுமொழிக்குப் பிறகுதான் அவர் எனக்கு நெருக்கமானார்.

கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் என் கடையில் அவருடைய உடுப்பெல்லாம் தைப்பேன். காற்சட்டைப் பைக்குள் எப்போதும் கரும்பலகை வெண்கட்டித் தூள் இருக்கும். சட்டையைப் போட்டுப் பார்க்கும்போது கண்ணாடிப் பக்கம் திரும்பமாட்டார். என் முகத்தைப் பார்ப்பார். "இடது தோள் இறங்கிற்று, இல்லையா?" என்பார். இறங்கித்தான் இருக்கும். போகும்போது போய் வருகிறேன் என்று வாயால் சொல்லும் பழக்கமும் இல்லை. சைக்கிளில் ஏறி, திரும்பி, ஒரு தலையாட்டு. அவ்வளவுதான்.

என் மகள் சுபைறா அவரிடம் படித்தாள். எரிகிற மெழுகுதிரியைக் கண்ணாடிக் குவளையால் மூடிவிட்டுப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். "அவர் மெழுகுதிரியப் பாக்கவே இல்ல வாப்பா. ஆனா அது அணையிற நேரம் சரியா 'இந்தா' எண்டார்!" என்று வீட்டில் வந்து சொல்லி அதிசயப்பட்டாள். மற்ற ஆசிரியர்களின் வகுப்புக்கும் அனுமதி கேட்டுப் போய்க் கரும்பலகை ஓரமாக நிற்பாராம். பாடசாலை அதிபருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்தது.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அவருக்கு வழிகாட்டிய பேராசிரியர் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர்களுக்கு இந்த ஆராய்ச்சியை எந்தப் பகுதியில் சேர்ப்பது என்று தெரியவில்லை. "கலைக்காரர் கல்விக்குப் போ எண்டுறாங்க. கல்விக்காரர் விஞ்ஞானத்துக்குப் போ எண்டுறாங்க. விஞ்ஞானக்காரர் கூத்தெண்டதும் சிரிக்கிறாங்க. மூண்டு வாசல்லயும் நிக்கிறன் காக்கா, ஒருத்தரும் பாய் போடுறாங்க இல்ல" என்று சிரித்தார். ஆனாலும் விடவில்லை. இன்னும் ஒரு திருவிழாக் கூத்தைப் பார்த்தால் முடிந்துவிடும் என்றார். அது ஒன்றுதான் அவர் கேட்டது.

எண்பத்தைந்தில் எங்கள் முஸ்லிம் ஊர்களுக்கும் அவர்களுடைய தமிழ் ஊர்களுக்கும் நடுவில் நடக்கக்கூடாதது நடந்தது. அதை எழுத என் பேனைக்கு மனமில்லை. கொஞ்சம் அடங்கியதும் மாஸ்டர் கடை வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "வரலாமா காக்கா?" என்று கேட்டார். "இது கேக்கிற கதையா? உள்ள வந்து இரிங்க" என்று பிளேன்டீ எடுப்பித்தேன்.

அவர்களுடைய ஊர்களில் ராணுவத்தின் சுற்றிவளைப்புகள் தொடங்கியது அதற்குப் பிறகு. ஆண்களை மைதானத்துக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிற்பாட்டுவார்கள். ஜீப்புக்குள் முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் இருப்பான். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடக்க வேண்டும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் வீட்டுக்கு வரமாட்டான். தலையாட்டி என்று அவனுக்குப் பெயர். பிள்ளைகள் கூட அந்தச் சொல்லை மெதுவாகத்தான் சொல்லும்.

பாண்டிருப்பில் அந்த வருடத்துத் திருவிழாக் கூத்தை மாஸ்டர் தவறவிடவில்லை. சனத்தைப் பார்த்துக் கதிரையைப் போட்டார். மத்தளத்துக்குத் தலை ஆடியது.

அடுத்த கிழமை சுற்றிவளைப்பு. கூத்தில் முன் வரிசையில் இருந்த இரண்டு பொடியன்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கூத்து அண்ணாவியார் வேலப்போடி கடைக்கு வந்தார். ராசா வேசத்து உடுப்புக்கு எப்போதும் நான்தான் கரை தைப்பேன். அன்றைக்கு அவர் கையில் உடுப்பு இல்லை.

"காக்கா, மாஸ்டருக்கு நீங்க ஒருக்காச் சொல்லணும். எங்கட ஆள் போய்ச் சொன்னா வெருட்டுற மாதிரிப் போகும்."

"என்னத்தச் சொல்ல?"

"சனத்தப் பாத்து இரிக்கிறத விடட்டும். தலைய ஆட்டுறத விடட்டும்."

"யா அல்லாஹ்! அவர் மத்தளத்துக்கெல்லுவா ஆட்டினது?"

"மத்தளம் அடிச்சது நான், எனக்குத் தெரியாதா? புள்ளையப் பறிகுடுத்த தாய்க்கு அது தெரியுமா? தெரிஞ்சாலும் நிக்குமா மனம்?" என்று சொல்லித் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்தார். "ஊருக்குள்ள ஒரு மாதிரிக் கதை போகுது காக்கா. நல்ல கதையில்ல."

நான் சொன்னபோது மாஸ்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மெஷினுக்கு எதிரே கிடந்த வாங்குப் பலகையில் இருந்தார்.

"கொண்டுபோனதில ஒருத்தன் என்ட பின்னேர வகுப்புப் புள்ள காக்கா. கூத்தில அருச்சுனன் தவத்துக்கு ஏறக்குள்ள அவன்ட முகத்தில ஒரு வெளிச்சம் வந்திச்சு. அத நான் ஒருத்தன்தான் கண்டன். தாய்க்குச் சொல்லணும்."

"இப்ப போகாதீங்க மாஸ்டர்."

போனார். மறுநாள் வந்து சொன்னார். வீட்டு வாசல் படலையடியில் அந்தத் தாய் நின்றாவாம். இவரைக் கண்டதும் ஏசவில்லையாம். சீலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாவாம். "ஏசியிருந்தா நல்லம் காக்கா" என்றார்.

பிறகு ஒரு வெள்ளைத் துணியை என் மேசையில் வைத்தார். "ஒரு சட்டை தைக்கணும். கழுத்துப்பட்டிய உயத்தி, உள்ளுக்குக் கன்வஸ் ரெண்டு மடிப்பு வச்சுத் தாங்க. கழுத்து அசையக்கூடாது. நான் மறந்தாலும் சட்டை பிடிக்கோணும்." பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. பிஸ்மி சொல்லித்தான் வெட்டினேன். எத்தனையோ மாப்பிள்ளைமாருக்குக் கழுத்துப்பட்டி வைத்திருக்கிறேன், கழுத்தைப் பிடித்து வைக்க ஒன்றும் தைத்ததில்லை. சட்டையைப் போட்டுப் பார்க்க வந்த அன்று, முதன்முதலாக மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சட்டையோடு மருதமுனையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தார். மற்றவர்களைப் போல ஆட்டத்தைப் பார்த்து இருந்தார். ஆதம்பாவா அண்ணாவியார் அப்போது நன்றாகத் தளர்ந்திருந்தார். ஆட்டத்துக்கு நடுவில் இரண்டு மூன்று தரம் கழுத்தை நீட்டி, தனக்கு முதுகு காட்டிக் கதிரை போட்டு இருக்கும் மாஸ்டரைத் தேடினார். அவர் சனத்துக்குள் எங்கோ இருந்தார். ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும், "எப்பிடி மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"கம்பு தெரிஞ்சிது, காலும் தெரிஞ்சிது. வேற ஒண்டும் தெரியல்ல."

"ஆராய்ச்சி?"

"அது சனத்தோட சேந்து செய்யிற ஆராய்ச்சி காக்கா. சனம் முகத்த மூடிற்று."

மனைவியையும் பிள்ளையையும் முதலில் பதுளைப் பக்கம் அனுப்பினார். அங்கே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு மாற்றம் கிடைத்தது. பிறகு அவர் புறப்பட்டார். விடியச் சுபஹு தொழுதுவிட்டு நான் பஸ் நிலையத்துக்குப் போனேன். கொஞ்சம் கொழுக்கட்டை சுற்றிக் கொடுத்தாள் சுபைறா. மூலையில் மண்மூட்டைக்குப் பின்னால் காவல் நின்றது. பயணத்துக்கு வந்த சனம் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றது. மாஸ்டர் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார். கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டு பெட்டியை ஏற்றினார். இத்தனை முகங்களுக்கு நடுவில் அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஏலவில்லை.

ஜன்னலோரம் இருந்தார். பஸ் உறுமியது. "அல்லாட காவல் மாஸ்டர்" என்று கையை உயர்த்தினேன். வழக்கமாக வரும் அந்தத் தலையாட்டுக்குக் காத்து நின்றேன். கழுத்து அசையவில்லை. ஒரு விரலைக் கழுத்துப்பட்டிக்குள் விட்டுக் கொஞ்சம் இழுத்தார். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"தலையாட்டாமப் போறன் எண்டு கோவிக்காதீங்க காக்கா. வாயால சொல்றன். போயிற்று வாறன்."