ஓரம் வெட்டிய பாலம்

பழைய படங்களைப் பிரதி எடுத்துப் பாதுகாக்கும் அலுவலகம் ஒன்றுக்குப் போக நெல்லியடியில் பஸ் ஏறினேன். மடியில் பழைய தகர பிஸ்கட் ரின் ஒன்று. அதற்குள் நான்கு படங்கள். மலாயாவில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் ரயில் பாலம் கட்டக் கட்ட எடுத்தவை. கடைசிப் படத்தில் அவருக்குப் பக்கத்தில் தலைப்பாகையோடு நிற்பவர் என் பூட்டன். அங்கே ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர்.

சண்டைக் காலத்தில் இந்த ரின் எங்களுக்குப் பெரிய ஆபத்தாக இருந்தது. பாலத்தின் படம், ஓரத்தில் ஆங்கிலத்தில் நீளமும் தூணின் ஆழமும். ஆமியின் சுற்றிவளைப்பில் அகப்பட்டால், பாலம் தகர்க்கப் போட்ட திட்டம் இல்லையென்று எப்படிச் சொல்லித் தப்புவது? எரித்துவிடச் சொன்னார் அப்பா. பூட்டனுக்கு வேறு படம் இல்லையென்று அம்மா மறுத்தார். கடைசியில் எழுத்திருந்த ஓரங்களை மட்டும் கத்தரித்து அடுப்பில் போட்டார்.

"ஆரும் கேட்டால், இது எங்கடை நாட்டுப் பாலம் இல்லையெண்டு சொல்லு," என்று எனக்குப் பாடமாக்கியும் வைத்தார்.

ஒருநாள் ஆமி வீட்டுக்குள் வந்தது. ஒரு சிப்பாய் ரின்னைத் திறந்தான். மேலே கிடந்த ஞானப்பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினான். பாடமாக்கிய வசனத்துக்குத் தேவையே வரவில்லை. அன்று நான் நின்ற இடத்திலேயே மூத்திரம் போனேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை.

எல்லாம் முடிந்து எத்தனையோ வருடங்கள். ஆனாலும் வல்லையைத் தாண்டியதும் ஒரு பொலிஸ்காரர் பஸ்ஸை மறிக்க, ரின்னைக் காலால் சீற்றுக்குக் கீழே தள்ளினேன். ஓய்வுபெற்ற வாத்தியார் நான் செய்கிற வேலையா இது? பொலிஸ்காரர் சாரதியின் லைசென்சைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். யாழ்ப்பாணம் வரும்வரை ரின்னை வெளியே எடுக்கவில்லை.

அலுவலகத்திலிருந்த பெண் கையுறை போட்டுப் படங்களை எடுத்தார்.

"எந்த ஆத்துப் பாலம், சேர்? ஓரத்திலை எழுதியிருப்பினமே?"

"எழுதியிருந்தவை. நாங்கள் வெட்டிப்போட்டம்."

"ஏன் சேர்?"

"பயத்திலை."

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆற்றின் பெயரும் மலாயா என்ற சொல்லும் அந்த ஓரத்தில்தான் இருந்தன. நாங்கள் தப்புவதற்கிருந்த ஒரே சாட்சியை எங்கள் கையாலேயே எரித்திருக்கிறோம்.

அவர் ஒரு படிவம் தந்தார். பெயர், முகவரி, படத்தைப் பற்றிய குறிப்பு.

"தெரிஞ்சதை எழுதுங்கோ, சேர்."

பெயரை எழுதினேன். முகவரியில் வீட்டு இலக்கத்தை விட்டுவிட்டேன். குறிப்பு எழுதும் இடத்தில் அம்மா சொல்லித்தந்தபடியே எழுதினேன்: இது எங்கடை நாட்டுப் பாலம் இல்லை.