மண்டபத்தில் காற்று அடங்கும் வரை

காற்று பலமாக இருந்ததால் ரயில் பாம்பன் பாலம் ஏறாமல் மண்டபம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. எனக்கு எதிரே, சுதந்திரம் வந்த பிறகும் கதரை விடாத கணவரோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஒடிசலான உடம்பு, களைத்த கண்கள். பசித்திருந்த யாத்திரிகர்களுக்குத் தங்கள் கட்டுச்சோறு முழுவதையும் கொடுத்துவிட்டு, கணவர் நிம்மதியாகத் தூங்கிப்போனார். சோறு கட்டியிருந்த துணியை அந்த அம்மாள் மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

நான் நாவல் எழுதுகிறவன் என்று தெரிந்ததும், என்ன கதை என்று கேட்டார். கதையின் நாயகனான ஒரு லட்சியவாதியிடமிருந்து வேலை, நிலம், வீடு என்று ஒவ்வொன்றாக நான் பறித்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன்.

"எதுக்கு அப்படிச் செய்றீக?"

"அவன் கொள்கை நிசமான்னு சோதிக்கணுமில்ல."

"பெண்டாட்டி இருக்காளா?"

"இருக்கா. அவனோட சேர்ந்து பட்டினி கெடக்கா."

துணியை மடியில் வைத்து நீவினார். "கொள்கை சொன்னவன் அவன். அவனைச் சோதிங்க. அவ ஒண்ணும் சொல்லலையே, அவளை எதுக்குச் சோதிக்கிறீக?"

காற்று அடங்கி ரயில் நகர்ந்தது. பாலத்தில் எல்லோரும் கடலில் காசு போட்டுக் கும்பிட்டார்கள். அவர் கும்பிடவில்லை, கணவரின் தோளில் சரிந்த துண்டை மட்டும் இழுத்துவிட்டார்.

அந்த நாவல் இன்னும் முடியவில்லை. எழுதி எழுதி அலுத்துவிட்டது. நாயகன் சோற்றை எடுத்து யாரிடமாவது நீட்டும்போதெல்லாம், அவள் சாப்பிட்டாளா என்று பேனா நின்றுவிடுகிறது.