பன்னீர்ச் செம்புக்கு வேறு ஆளைப் பாருங்கள்

பெண் ஆசிரியைகள் எல்லோருக்கும் அரக்கு நிறச் சேலை, பச்சைக் கரை என்று முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. மாமல்லபுரத்தில் மண்டல ஆசிரியர் பயிற்சி மாநாடு நடக்கவிருந்தது. அதற்கான ஏற்பாடுகளுக்காகச் சனிக்கிழமைதோறும் செங்கல்பட்டில் ஒரு பெரிய பள்ளியில் கூடுவோம். பாடம் நடத்தும் முறைகளைப் பற்றி ஆசிரியர்கள் கட்டுரை வாசிப்பார்கள், ஒருவர் அனுபவத்திலிருந்து மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள் என்பதுதான் மாநாட்டின் நோக்கம். நான் போன முதல் கூட்டத்தில் பேசியதெல்லாம் சேலை, சாப்பாடு, பொன்னாடை. பாடம் என்ற சொல்லையே யாரும் எடுக்கவில்லை.

பந்திக்கு ஆண்கள், மேடைக்கு ஆண்கள், வண்டி ஏற்பாட்டுக்கு ஆண்கள். வரவேற்புக்கு மட்டும் பெண்கள். மண்டப வாசலில் வரிசையாக நின்று, வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளித்து, சந்தனக் கிண்ணத்தை நீட்டி, கற்கண்டுத் தட்டைக் காட்டிச் சிரிக்க வேண்டும். மாநாட்டு அமைப்பாளர் நாங்கள் கூடிய அந்தச் செங்கல்பட்டுப் பள்ளியின் தலைமையாசிரியர். மெல்லிய குரல்காரர். எதற்கும் முடியாது என்று சொல்லமாட்டார், ஆனால் அவர் நினைத்ததைத் தவிர எதுவும் நடக்காது.

"சயின்ஸ் டீச்சர், நீங்க பன்னீர்ச் சொம்பு" என்றார்.

"சார், நான் கட்டுரை வாசிக்கிறேன். கமிட்டில தேர்வு பண்ணியிருக்காங்க."

"அது மத்தியானம்மா. பன்னீர் காலைலதானே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கட்டுரையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். திருக்கழுக்குன்றம் தாண்டி உள்ளடங்கிய ஓர் ஊரின் உயர்நிலைப் பள்ளிக்கு என்னை மாற்றியிருந்தார்கள். அங்கே ஆய்வகம் என்றால் பத்தாம் வகுப்பின் பின்சுவரை ஒட்டி நின்ற ஒரு கண்ணாடிக் கதவு பீரோதான். அதற்குள் பீக்கர், சோதனைக் குழாய், முப்பட்டகம், ஒரு நுண்ணோக்கி எல்லாம் இருந்தன. சிலவற்றைச் சுற்றி வந்த வைக்கோலைக்கூட யாரும் பிரிக்கவில்லை. ஒரு குழாய் உடைந்தாலும் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும் என்பதால், எவரும் எதையும் தொடுவதில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, படியில் அடுக்கி, கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனபோது சாவியும் அவரோடு தவறுதலாகப் போய்விட்டது. அதன் பிறகு பூஜையை வெளியிலிருந்தே நடத்திக்கொண்டார்கள். பூட்டுக்கே பொட்டு வைத்துவிட்டார்கள். யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை.

நான் கேட்டேன். எழுதிக் கேட்டேன், நேரில் கேட்டேன், சாவியோடு போன மனிதரிடம் ஆள் விட்டுக் கேட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். அரையாண்டுத் தேர்வு வந்து போயிற்று. கரும்பலகையில் பீக்கரை வரைந்து வரைந்து எனக்கே வெறுத்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் பூட்டை உடைத்தேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த எங்கள் தலைமையாசிரியை, "எனக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாளால் தர முடிந்த அனுமதி அதுதான்.

முதல் வரிசைப் பெண்ணின் கையில் ஒரு பீக்கரைக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு பக்கத்துப் பெண்ணிடம் தந்தாள். அவளும் ஒற்றிக்கொண்டாள். வரிசை முழுக்கக் கோயில் பிரசாதம் போல அது கைமாறிப் போனது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. கோபம் பிள்ளைகள் மேல் இல்லை. தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டிய பாத்திரத்தைக் கும்பிடக் கற்றுக்கொடுத்த எங்கள் மேல்தான்.

அதைத்தான் எழுதியிருந்தேன். அடுத்த மாதங்களில் எதையெல்லாம் செய்து பார்த்தோம், எவை உடைந்தன, உடைந்த பிறகு பிள்ளைகள் எப்படிக் கவனமாகக் கையாளக் கற்றார்கள், தேர்வில் சோதனை பற்றிய கேள்விகளை அவர்கள் எப்படிச் சொந்த வார்த்தையில் எழுதினார்கள் என்று எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு வரி: "பூட்டை நான் உடைத்தேன்." அந்த வரி இல்லாவிட்டால் கட்டுரையே இல்லை.

இரண்டாவது சனிக்கிழமை அமைப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் என் கட்டுரை, அதன் மேல் பென்சில் கோடுகள்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்கம்மா. ஒரே ஒரு இடம். மாநாட்டுக்குக் கல்வி அதிகாரி வர்றாரு. பூட்டை ஒடைச்சேன்றது நல்லாவா இருக்குது? சாவி கிடைச்சுதுன்னு போட்டுக்கலாம்."

"கிடைக்கலையே சார்."

"பீரோ திறந்துடுச்சில்ல? அப்ப கிடைச்ச மாதிரிதானே?"

"அது தானா திறந்துக்கல சார். நான்தான் ஒடைச்சேன்."

அவர் புன்னகைத்தார். அந்தப் புன்னகையைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டது என் மடத்தனம். அடுத்த வாரம் நிகழ்ச்சி நிரலின் மாதிரிப் படி வந்தது. என் கட்டுரைத் தலைப்பு இருந்தது. வாசிப்பவர் என்ற இடத்தில் அவர் பள்ளியின் கணக்கு ஆசிரியர் பெயர். என் பெயர் வரவேற்புக் குழுவில், பன்னீருக்கு நேராக.

"தப்பா நினைக்காதீங்கம்மா. கடற்கரை மண்டபம், காத்து அடிக்கும், மைக்கும் சரியில்ல. கணக்கு சாருக்குக் குரல் எடுப்பா இருக்கும்."

எங்கள் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி ஒரு ரைஸ் மில். அது ஓடும்போது கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி ஒளிவிலகல் நடத்துகிறவள் நான். என்னிடம் வந்து குரல் எடுப்பு பற்றிப் பேசுகிறார்.

"கட்டுரை என்னுது சார். வாசிச்சா நான் வாசிக்கிறேன், இல்லேன்னா யாரும் வாசிக்க வேணாம். பன்னீர்ச் சொம்புக்கு வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

எங்கள் பள்ளித் தமிழம்மாவும் என்னோடு கூட்டத்துக்கு வருவார். மாநாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவதும், சந்தனக் கிண்ணமும் அவர் பொறுப்பு. வகுப்பில் அவர் பேசினால் அடுத்த அறைப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அப்படியொரு செந்தமிழ். பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால் பிறந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"இன்னா டீச்சர் நீ, ஒரு நாளு சொம்பத் தூக்கினு நின்னா இன்னா கொறஞ்சி பூடும்? நான் நிக்கல?"

"நீ நில்லு. நான் வேணாங்கல. எனக்குப் பேச வேண்டியது கீது."

"வீம்பு புடிச்சவ. சேலையாவது கட்டுவியா?"

"மாட்டேன்."

திருக்கழுக்குன்றம் வரும் வரை அவர் என்னோடு பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "அந்தப் பூட்டு விசயத்த விட்றாத" என்றார்.

வீட்டில் தினமும் சத்தமாக வாசித்துப் பழகினேன். என் கணவர் மின்வாரிய அலுவலகத்தில் குமாஸ்தா, ஊர் வம்புக்கே போகாத மனிதர். கையில் செய்தித்தாளோடு கேட்டுக்கொண்டிருப்பார். பூட்டு வரி வரும்போதெல்லாம் தாளை ஒரு முறை மடக்குவார். கடைசியில் ஒரு நாள், "நிரல்லதான் உன் பேரே இல்லையே, யாருக்காகப் பழகறே?" என்று கேட்டார். எனக்காக என்றேன்.

மாநாட்டு நாளில் என்னுடைய பழைய நீலப் பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். கடலை ஒட்டிய கல்யாண மண்டபம். காற்றில் துணிப் பதாகை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காற்றைப் பற்றி மட்டும் அமைப்பாளர் பொய் சொல்லவில்லை. வாசலில் அரக்குச் சேலைகள் இரண்டு வரிசையாக நின்றன. எனக்குப் பதிலாகப் பன்னீர்ச் செம்பு பிடித்தவர் படாளம் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர். செம்பை என் மேல் ஒரு முறைக்கு இரண்டு முறை உதறினார். வேண்டுமென்றேதான் உதறினார் என்று நினைக்கிறேன். நேராக உள்ளே போய் மேடைப் படிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அதிகாரி காலையில் வருவதாக இருந்தது. வரவில்லை. அவர் வருவார் வருவார் என்று சொல்லியே முற்பகல் முழுதும் ஒருவரையொருவர் பாராட்டிப் பேசினார்கள். சாப்பாடு முடிந்த பிறகு, வேறு வழியில்லாமல் கட்டுரை வாசிப்பு ஆரம்பமானது. மூன்றாவதாக என் கட்டுரைத் தலைப்பைச் சொல்லி, கணக்கு ஆசிரியர் பெயரை அழைத்தார்கள்.

நான் எழுந்து படியேறினேன். ஓடவில்லை, அவசரப்படவில்லை. வகுப்புக்குள் போகிற மாதிரிதான் போனேன். பென்சிலில் திருத்திய பிரதியோடு பாதி எழுந்த கணக்கு ஆசிரியர் அப்படியே நின்றார். மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, "இது நான் எழுதின கட்டுரை. நானே வாசிக்கிறேன்" என்றேன். கணக்கு ஆசிரியர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். பாவம், அவருக்கும் அது விருப்பமான வேலையாக இருந்திருக்காது.

ரைஸ் மில்லைத் தாண்டிய குரலுக்குக் கடற்காற்று எம்மாத்திரம்? மைக் நடுவில் இரண்டு தரம் செத்துப் பிழைத்தது, எனக்கு அது தேவைப்படவில்லை. பூட்டுக்குப் பொட்டு வைத்த கதையைப் படித்தபோது சிரிப்பு எழுந்தது. தங்கள் பள்ளி பீரோவை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வாசலில் நின்ற அரக்குச் சேலைகள் ஒன்றிரண்டாக உள்ளே வந்து பின்சுவரில் சாய்ந்து நின்றன. பன்னீர் ஆசிரியையும் வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அதிகாரியின் கார் வந்தது. வரவேற்க வாசலில் ஓர் ஆள் இல்லை. அமைப்பாளர் ஓடினார். மேசையில் அனாதையாக நின்ற செம்பைத் தானே எடுத்து உதறினார். பழக்கமில்லாத கை, பன்னீர் மொத்தமும் அதிகாரியின் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது.

அதிகாரி நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், மேடையில் எது நடந்தாலும் நிறுத்த வேண்டும், பொன்னாடை போர்த்த வேண்டும். எல்லா மாநாட்டிலும் நடக்கிற முறை அது. மண்டபமே எழுந்து நின்றது. அமைப்பாளர் தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கையைக் கீழே அழுத்தி அழுத்திக் காட்டினார். இங்கே நிறுத்தினால் மறுபடி யாரும் என்னை மேடையேற்றப் போவதில்லை. அந்த வரி இன்னும் வரவில்லை.

"ஐயா, வணக்கம். உட்காருங்க" என்றேன் மைக்கில். "இன்னும் ஒரு பக்கம் இருக்குது. முடிச்சிடறேன்."

கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அதிகாரிக்கு யார் பேசுவது என்றே தெரிந்திருக்காது. கைக்கு எட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பொன்னாடையை விரித்தபடி அமைப்பாளர் மட்டும் நடுவழியில் நின்றார். நான் தாளைப் பார்க்காமல் சொன்னேன்: "சாவி கிடைக்கவில்லை. பூட்டை நான் உடைத்தேன். உடைத்தது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்." கடைசி வாக்கியம் கட்டுரையில் இல்லை. அது அப்போது வந்தது.

அதிகாரி தன் உரையில், ஆர்வம் பாராட்டத்தக்கது, ஆனால் நடைமுறை என்று ஒன்று உண்டு என்றார். சில வாரம் கழித்து என்னிடம் விளக்கம் கேட்டார்கள். மேடையில் சொன்னதையே எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எந்த மாநாட்டுக்கும் என்னை அழைத்ததில்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. யாராவது வருத்தம் உண்டா என்று கேட்டால் கோபம்தான் வருகிறது.

அன்று மாலை தேநீருக்கு நின்றபோது ஆண்கள் யாரும் என் பக்கம் வரவில்லை. படாளம் பக்கத்து ஆசிரியை மட்டும் டம்ளரோடு விறுவிறுவென்று வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். முகம் சிவந்திருந்தது.

"உங்களுக்கு இன்னா டீச்சர், பேசிட்டு பூட்டீங்க. திங்கக்கெழம எங்க எச்.எம். எங்க பீரோவுக்கு ரெண்டாவது பூட்டு போடுவாரு. அவரும் கேட்டுகினுதான இருந்தாரு? இனிமே எங்க பசங்க கண்ணாடி வழியா பாக்கறதோட செரி."

அவர் சொன்னது உண்மை. நான் அதை யோசித்திருக்கவில்லை. டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு மன்னிப்புக் கேட்க எனக்கு மனமில்லை.

"ரெண்டு போட்டா ரெண்டையும் ஒடைக்கணும்" என்றேன்.

அவர் என்னையே முறைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி, அமைப்பாளர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டார். அவர் அதிகாரியின் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். ஆசிரியை ஓரடி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"எதால ஒடைச்சீங்க?"

"பெல் அடிக்கிற இரும்புக் கம்பியால. உங்க ஸ்கூல்ல இல்ல?"

"கீது" என்றார்.