ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கு விசாரணை

பி.எல். பாஸ் செய்துவிட்டால் மறுநாளே கறுப்புக் கோட்டு மாட்டிக்கொள்ளலாம் என்று எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு வருஷம் மூத்த வக்கீல் ஒருவரிடம் அப்ரண்டிஸாக இருக்க வேண்டும், கோர்ட்டில் பார்த்ததை நாள்வாரியாக டைரியில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், கடைசியில் பார் கவுன்சில் பரீட்சை வேறு உண்டு என்று விளக்கினேன். நான் எதிலோ பெயிலாகிவிட்டு மறைக்கிறேன் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். ஐம்பதுகளின் கடைசி அது. தென்காசி முன்சீப் கோர்ட்டில் பேர்பெற்ற சிவில் வக்கீல் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

சீனியர் நல்ல மனிதர். ஒரு வருஷத்தில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: முன்சீப் எழுதிக்கொண்டிருக்கும்போது பேசக்கூடாது. மற்றபடி நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் கையைப் பின்னால் நீட்டினால் அதில் சட்டப் புத்தகத்தை வைக்க வேண்டும். எந்தப் புத்தகம் என்று சொல்ல மாட்டார். வாரம் ஒரு முறை டைரியை நீட்டினால் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். மழையில் நனைந்த பூனையைப் பற்றி நான் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்த வாரத்திலும் போட்டார்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் அவருடைய ஆபீஸ் குற்றாலத்துக்குக் குடிபோய்விடும். வருஷா வருஷம் சீசனுக்கு அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு தங்குவார். கேஸ் கட்டுகள் குதிரை வண்டியில் வந்து இறங்கும். வார நாட்களில் அங்கிருந்தே தென்காசி கோர்ட்டுக்குப் போய் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்சிக்காரர்கள் குற்றாலத்துக்கே வந்துவிடுவார்கள். அருவியில் தலையைக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, வக்கீலைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. அவர்கள் ஈரத் துண்டோடு வந்து உட்கார்ந்து பேப்பர்களைப் புரட்டியதில் அந்தச் சீசனில் எல்லாக் கட்டுகளும் நமுத்துப் போயிருந்தன.

சீனியரோ காலையில் ஐந்தருவிக்குப் போனால் எண்ணெய் தேய்த்து, உடம்பு பிடித்துவிடச் சொல்லி, குளித்து முடித்து மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். அதுவரை கட்சிக்காரர்களுக்கு நான்தான் காவல்.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒரு சம்சாரி. எங்கள் பக்கம் விவசாயிக்கு அதுதான் பெயர். ஐம்பது வயது இருக்கும். தென்காசியிலிருந்து கடையம் போகிற வழியில் அவர் ஊர். இரண்டு வயல்கள் உண்டு. அவற்றுக்குப் போகும் வண்டிப் பாதை பக்கத்து வயலின் ஓரமாகச் செல்லும். அந்த வயல் கைமாறியது. புதிதாக வாங்கியவர் முள்வேலி போட்டுப் பாதையை அடைத்துவிட்டார். பாதை கிடைக்காவிட்டால் அறுத்த கதிரைக் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து, குளத்துக்கரையைச் சுற்றி முக்கால் மைல் நடந்துதான் களத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இருபது வருஷத்துக்கு மேல் தடையில்லாமல் வண்டி போய் வந்தது என்று நிரூபித்தால் பாதை அவருக்கு. அது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் வேலி போட்டவர் ஊரில் பெரிய கை. கூண்டில் ஏறிச் சொல்ல ஒருத்தரும் முன்வரவில்லை. ஆக வாதியும் இவரே, சாட்சியும் இவரே. கேஸ் முழுக்க இவருடைய வாயில்தான் இருந்தது.

எனக்கு அந்த வயதில் குறுக்கு விசாரணை என்றால் கிறுக்கு. இங்கிலீஷ் புத்தகங்களில் பெரிய பாரிஸ்டர்கள் மூன்றே கேள்வியில் சாட்சியை மடக்கும் இடங்களுக்குப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். படித்ததைச் செய்து பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து மாட்டிக்கொண்டார்.

“கூண்டுல என்னெல்லாம் கேப்பாக தம்பி? நமக்குக் கோர்ட்டுன்னா கை கால் ஆடுது” என்றார்.

கேட்டுக் காட்டுகிறேன் என்று எழுந்தேன். ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னேன். அதுதான் கூண்டு. எதிர்த்தரப்பு வக்கீலை நான் தினமும் கோர்ட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, தொண்டையை இருமுறை செருமிவிட்டுத்தான் அவர் கேள்வியைத் தொடங்குவார். நானும் கண்ணாடி இல்லாத மூக்கைத் தடவிக்கொண்டு இருமுறை செருமினேன். பாதை என்ன அகலம் என்று கேட்டேன்.

“ரெண்டு மாடு பூட்டுன வண்டி போவும். எதுக்க ஒரு ஆளு வந்தா வரப்புல ஏறி நிக்கணும்.”

எத்தனை வருஷமாக வண்டி போகிறது?

“எங்க அய்யாவுக்குக் காலு ஒடிஞ்சிட்டு. அந்த வருசந்தான் நான் மொத மொதல்ல வண்டிய அங்கன ஓட்டிட்டுப் போனேன். மாடு மிரண்டு வயலுக்குள்ள எறங்கிட்டு. அதுக்கு அந்த வயக்காரரு என் முதுகுல ரெண்டு போட்டாரு.”

இப்படிச் சொன்னால் கோர்ட்டில் எடுபடாது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். எத்தனை அடி, எத்தனை வருஷம் என்று கணக்குப் போட வைத்தேன். எட்டடி. முப்பத்தைந்து வருஷம். பொய்யாக ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. மாட்டையும், ஒடிந்த காலையும், முதுகில் விழுந்த இரண்டு அடியையும் எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

அடுத்தடுத்து இரண்டு வாய்தா விழுந்ததால் விசாரணை தள்ளிப்போனது. எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. அவர் அருவியில் குளித்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பரீட்சைக்கு வருகிறவர் போல வருவார். நான் செருமுவேன். அவர் சொல்வார். கடைசி இரண்டு வாரங்களில் கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டுப் போடாமலே வக்கீலாகிவிட்ட நினைப்பு.

ஆவணியில் விசாரணை வந்தது. சீனியர் முதலில் விசாரித்தபோது அவர் தங்குதடையில்லாமல் சொன்னார். சீனியரே திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். கண்ணாடியைக் கீழே இறக்கினார். இருமுறை செருமினார்.

“எட்டடிங்க” என்றார் எங்கள் சாட்சி.

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் சிரிக்கவில்லை. கையிலிருந்த குறிப்பை மேஜையில் வைத்துவிட்டு, அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: “நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே, அண்ணாச்சி. உங்ககிட்ட இதையெல்லாம் முன்னாடி யார் கேட்டா?”

அந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுதான் எங்கள் கேஸின் ஒரே பலம். கையை நீட்டி என்னைக் காட்டினார்.

“அந்தா இருக்காகளே, அந்தத் தம்பிதான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம குத்தாலத்துல வச்சுக் கேப்பாக.”

முன்சீப் எழுதினார். அவர் எழுதும்போது பேசக்கூடாது என்பதால் ஒருத்தரும் பேசவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். சாட்சி கூண்டிலிருந்து இறங்கி வந்து, சரியாகச் சொன்னேனா என்பது போல என் முகத்தைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் புரட்டினேன்.

சீனியர் அன்று என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நடந்ததையெல்லாம் கொட்டியிருப்பேன். சம்சாரி முதன்முதலாகச் சொன்ன பதில்கள் என் நோட்டில் தேதியோடு இருந்தன: ஒடிந்த கால், மிரண்ட மாடு, அடித்த வயல்காரர். அந்த வயல்காரர் அப்போது உயிரோடு இருந்தார், கடையத்தில் மகள் வீட்டில். அவரைத் தேடிப் போய்ச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கலாம். இதைச் சீனியரிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டே இருந்தேன். டைரியில் இன்னும் மூன்று மாதக் கையெழுத்து பாக்கி. வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கோழைத்தனங்களில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

தீர்ப்பு வந்தது. வாதி பாடம் ஒப்பிக்கிறார், சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சி, இவர் வார்த்தையை மட்டும் நம்பிப் பாதை கொடுப்பதற்கில்லை என்று முன்சீப் எழுதியிருந்தார். திருநெல்வேலியில் அப்பீல் செய்தோம். சாட்சியை நேரில் பார்த்தவர் முன்சீப்தான் என்று சொல்லி அங்கேயும் தள்ளிவிட்டார்கள். விசாரணை நடந்த நாளுக்கு என் டைரியில், ‘வாதியின் குறுக்கு விசாரணையைக் கவனித்தேன்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதன் கீழே சீனியரின் கையெழுத்து. பார் கவுன்சில் பரீட்சையில் சாட்சியச் சட்டத்தில்தான் எனக்கு மார்க் அதிகம்.

வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு ஒரு வருஷம் கழித்து, மாசி மாதத்தில் ஒரு நாள், அம்பாசமுத்திரம் கோர்ட்டுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அவர் ஊர்க் குளத்தருகே பஸ் ரிப்பேராகி நின்றது. இறங்கி நின்றவன் குளத்துக்கரையில் அவர் வருவதைப் பார்த்தேன். தலையில் நெற்கதிர்க் கட்டு. கழுத்து உள்ளே போயிருந்தது. பஸ்ஸுக்குள் ஏறிக்கொள்ளலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

கட்டைத் தொப்பென்று இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் கோட்டைப் பார்த்து அவருக்கு நிஜமான சந்தோஷம். நல்லா இருக்கியளா என்று கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“என் மேல ஒங்களுக்கு வருத்தம் இருக்கும். எட்டு வாரமா அம்புட்டுப் பாடுபட்டுச் சொல்லித் தந்திய. பயத்துல நாந்தான் முந்திக்கிட்டேன். ஒங்ககிட்ட சொன்ன மாதிரியே அங்கனயும் சொல்லியிருந்தா செயிச்சிருப்போம், இல்லையா தம்பி?”

இல்லை என்று சொல்ல வேண்டும். முதல் ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பீர்கள், கெடுத்தது நான் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம் போதும். பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது.

“பரவாயில்ல அண்ணாச்சி” என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. கட்டைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது, ஒரு கை கொடுங்கள் என்றார். கோட்டோடு குனிந்து தூக்கிவிட்டேன். நான் நினைத்ததைவிட நல்ல கனம். அவர் ஒரு தரம் தள்ளாடி, நிலைப்படுத்திக்கொண்டு, களத்துப் பக்கம் நடந்தார்.